படகின் நடுக்கோடு

லை யின்ஹோ வாழ்நாளில் கரையில் படுத்தது மூன்றே மூன்று இரவு. மூன்று இரவும் கட்டில் ஆடவில்லை என்பதாலேயே வாந்தி எடுத்தாள். சீனக் கரையோர அபர்டீன் துறையில் படகிலேயே பிறந்து படகிலேயே வளர்ந்தவளின் வயிறு அப்படி. தோங் தம்பதியின் உல்லாசப் படகைக் காத்து, அதன் மேல்தளத்துத் தேக்குப் பலகைகளைப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. படகின் பின்பக்க அறைதான் பத்தொன்பது வருடமாக வீடு. வேலை போனால் அறையும் போகும், அப்புறம் ஆடாத கட்டில்தான்.

தோங்கும் மனைவியும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஆனால் மூன்று வருடமாகப் பேச்சு கிடையாது. ஏன் என்று கேட்காதீர்கள், அவர்களுக்கே மறந்துவிட்டது. சனிக்கிழமை அவர் வருவார்.

"தேக்குன்னா வயசானா நரைக்கணும் யின்ஹோ. கடல் தண்ணி ஊத்திக் கழுவு, போதும். எண்ணெய்ப் பாட்டிலத் தொட்டே, வேலை காலி."

புதன்கிழமை அந்த அம்மாள் வருவாள்.

"என்ன யின்ஹோ, அடுப்புச் சாம்பல் கொட்டுன மாதிரி கெடக்கு? தேன் நிறம் வரணும். வரலேன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

யின்ஹோ ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள். பிறகு படகின் மூக்கிலிருந்து வால்வரை ஒரு நூலைக் கட்டினாள். இடப்பக்கம் அம்மாவுக்கு. அங்கே மிருதுவான பிரஷ்ஷால், மரத்தின் ரேகைக்குக் குறுக்காகத் தேய்த்தாள். ரேகையோடு தேய்த்தால் மரத்தின் மென்மையான பாகம் பெயர்ந்து பலகை பள்ளம் பள்ளமாகிவிடும். கழுவி, இரண்டு நாள் காயவைத்து, மூன்று முறை எண்ணெய் பூசினாள். வலப்பக்கம் ஐயாவுக்கு. அங்கே கடல் தண்ணீரோடு சரி. யார் வருகிறாரோ அவர் பக்கத்தைத் திறந்துவைத்து, மறுபக்கம் ஈரப் பாய்களைக் காயப்போட்டுவிடுவாள்.

சம்பான் என்கிற சின்னத் துடுப்புப் படகில் ஆட்களை ஏற்றிவரும் காம் என்பவளுக்கு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தினமும் குழப்பம்.

"ஏன் மதினி, நீ படகு பாக்குறியா, ரெண்டு பொண்டாட்டிக்காரன் மாதிரி குடும்பம் நடத்துறியா?"

"வாய மூடிக்கிட்டுத் துடுப்பப் போடு."

எட்டு மாதம் ஓடியது. அப்புறம் கடலம்மன் தின்ஹாவின் பிறந்தநாள் வந்தது. அன்று படகின் மூக்கைத் துடைத்து வெறுமையாக வைத்து, சொந்தக்காரப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று சுட்ட பன்றியைப் படைக்க வேண்டும். பேசாத தம்பதியும் தின்ஹாவிடம் விளையாட மாட்டார்கள். வேறு வழியில்லாமல் யின்ஹோ பாய்களையெல்லாம் சுருட்டினாள்.

ஊதுபத்தியோடு இருவரும் மூன்று முறை குனிந்தார்கள். மூன்றாவது முறை நிமிரவே இல்லை. நடுவில் பன்றி, பாதி தங்கத்தின்மேல், பாதி சாம்பலின்மேல்.

"யின்ஹோ, அந்தம்மாகிட்ட சொல்லு, அவ பக்கம் ஓட்டல் வாசல் மாதிரி மினுக்குது. அதோட, கோடு நடுவுல இல்ல. எம் பக்கம் ரெண்டு விரக்கடை கம்மி!"

"அளந்தா தெரிஞ்சுட்டுப் போகுது" என்றாள் அம்மாள், பன்றியைக் கட்டிவந்த சிவப்புக் கயிற்றை அவிழ்த்தபடி. "அந்த நுனியப் புடிங்க."

மூன்று வருடத்தில் புருஷனிடம் பேசிய முதல் பேச்சு. அவர் மண்டியிட்டுப் பிடித்தார். அளந்தார்கள். இம்மி பிசகவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கும் தொற்றிக்கொண்டது. காம் சம்பானில் இருந்தபடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எதுக்கு இந்த வம்பெல்லாம்? மொத்தமா வெள்ளை பெயின்ட் அடிச்சிடலாம்" என்றார் தோங். "தேய்க்கவும் ஆள் வேணாம், காவலுக்கும் ஆள் வேணாம்."

"அதான் சரி" என்றாள் மனைவி, அவர் தோளில் கை வைத்து.

யின்ஹோவுக்கு நின்ற இடத்திலேயே குமட்டியது. இவர்கள் சேர்ந்துவிட்டார்களே என்று வயிறெரிந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

"செஞ்சிடலாங்க" என்றாள். "எந்த வெள்ளைன்னு மட்டும் சொல்லிடுங்க, போய் வாங்கியாரேன்."

"பால் வெள்ளை" என்றார் அவர்.

"முட்டை ஓட்டு வெள்ளை" என்றாள் அவள்.

தோளிலிருந்து கை இறங்கியது. கயிறு கீழே விழுந்தது.

"யின்ஹோ, அந்தாளுகிட்ட சொல்லு" என்று ஆரம்பித்தாள் அம்மாள்.

யின்ஹோ கத்தியை எடுத்துக்கொண்டு பன்றியின் முன் உட்கார்ந்தாள். அவளுக்கு நல்ல பசி.