மூன்றாவது பலம்

அந்த ஐஸ்கிரீம் ஆலைக்கு யார் விருந்தாளியாக வந்தாலும் மேனேஜர் ஒரே பேச்சைத்தான் பேசுவார்.

"நம்ம நாட்டு ஐஸ்கிரீம் கப்பல் ஏறுதுன்னா அதுக்குப் பலம் மூணு. வருஷம் பூரா வத்தாத பால். கறக்கிற இடத்துல இருந்து துறைமுகம் வரைக்கும் நடுவுல எங்கயும் அறுந்து போகாத குளிர். மூணாவது..." என்று நிறுத்தி, சுவை அறைக் கதவைத் திறப்பார். உள்ளே வெள்ளைக் கோட்டும் தலைமுடியை மூடிய வலையுமாகக் கரண்டியக்கா நிற்பாள். "மூணாவது பலம் இதோ நிக்குது. இவங்க நாக்கு."

பதினேழு வருடங்களாக அவள் இதைக் கேட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோலத் தலையைக் குனிந்துகொள்வாள்.

கோட்டுப் பையில் எப்போதும் ஒரு எவர்சில்வர் கரண்டி இருந்ததால் வந்த பெயர் அது. வேலைக்குச் சேர்ந்தபோது அவள் பாத்திரம் கழுவுகிறவள். ஒருநாள் கழுவ வந்த கிண்ணத்தில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்தவள், "பால் பவுடர் பழசு" என்றாள். சிரித்தார்கள். சோதித்துப் பார்த்தபோது பழசுதான். அன்றைக்கே அவளைச் சுவை அறைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அந்த நாக்கை அவள் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டாள். பச்சை வெங்காயம் கிடையாது. சூடான காப்பி கிடையாது. முகத்துக்கு வாசனைப் பவுடர்கூடக் கிடையாது. பால் லாரி ஓட்டும் அவள் புருஷன், "ஊருக்கெல்லாம் இனிக்கிற நாக்கு, எனக்கு மட்டும் ஏன்டி காரமா இருக்கு?" என்பான்.

இப்படி இருந்த இடத்துக்குத்தான் சின்னவள் வந்தாள். கொழுந்தனின் மனைவி. ஒரே வீடு, அவர்கள் மாடியில், இவர்கள் கீழே. மேனேஜரிடம் பேசி அவளுக்கு வேலை வாங்கிக் கொடுத்தவளே கரண்டியக்காதான். பெட்டி கட்டும் பிரிவில் சேர்ந்தவள், சாயங்கால வகுப்பில் படித்தாள். நான்கே வருடத்தில் ஏற்றுமதி ஆய்வுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வெளிநாட்டு மொழியும் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு.

ஒருநாள் விருந்தாளிகள் வந்தார்கள். மேனேஜர் வழக்கம்போல "மூணாவது..." என்று நிறுத்தினார். சுவை அறையில் கரண்டியக்காவின் தலை பழக்கதோஷத்தில் தானாகக் குனிந்தது. பேச்சு தொடரவில்லையே என்று நிமிர்ந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் முதுகுகள்தான் தெரிந்தன. ஆய்வுக்கூட வாசலில் நின்று மேனேஜர் சின்னவளைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அன்று முதல் அவளுக்கு அடிவயிற்றில் அடுப்பு. மாடியில் நாற்காலி நகர்ந்தால் அது தன்னைச் சீண்டவே நகர்கிறது என்று தோன்றும். சின்னவள் துணி காயப்போடும் நேர்த்தியில்கூடத் திமிர் தெரிந்தது.

"அவ என்னடி பண்ணினா உன்னை?" என்று புருஷன் கேட்டான்.

"ஒண்ணும் பண்ணல. அதான் பத்திக்கிட்டு வருது."

இந்தச் சமயத்தில் கடல் கடந்த ஒரு பெரிய கம்பெனி வெனிலா வேண்டும் என்று கேட்டது. ஏற்றுமதிக்கென்று தனிச் சுவை அறை கட்டினார்கள். அதற்குத் தலைமை யார்? மேனேஜர் அவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். "ஆளுக்கு ஒரு பக்குவம் போடுங்க. வாங்க வர்றவங்க எதை எடுக்கிறாங்களோ, அந்தப் பக்குவம் போட்டவங்களுக்குத்தான் அந்த ரூம்."

கரண்டியக்கா பாலேட்டை அள்ளிப் போட்டாள். பிசினைக் கிள்ளிப் போட்டாள். வாயில் வைத்தால் சொல்லாமல் கொள்ளாமல் கரைந்தது. சின்னவள் கொத்தவரை விதைப் பிசினும் பால் பவுடரும் ஒரு பிடி கூட்டியிருந்தாள். புதிதாகச் சாப்பிட்டால் கொஞ்சம் இறுக்கம். "பசை காய்ச்சியிருக்கா, போஸ்டர் ஒட்டலாம்" என்று கரண்டியக்கா கேன்டீனில் சொல்லிச் சிரிக்க வைத்தாள்.

ஆனால் கப்பலேறும் ஐஸ்கிரீமைப் புதிதாகச் சாப்பிட்டு மதிப்பிடுவதில்லை. வழியில் லாரி மாறும்போதும் துறைமுகத்தில் காத்திருக்கும்போதும் அது கொஞ்சம் இளகும், மறுபடி உறையும். அப்படி உறையும்போதுதான் ஐஸ் பொடிகள் திரண்டு நறநறக்கும். அதனால் 'பயணப் பெட்டி' என்று ஒரு முறை வைத்திருந்தார்கள். குளிர் கிடங்கிலிருந்து பெட்டியைத் தினமும் அரை மணி நேரம் சரக்கேற்றும் கூடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ள வேண்டும். இருபது நாள். கடிகாரம் தப்பினாலும் கரண்டியக்கா தப்பமாட்டாள் என்று இரண்டு பெட்டிகளையும் அவளிடமே ஒப்படைத்தார்கள்.

பதினாறு நாள் ஒழுங்காக வைத்து எடுத்தாள். பதினேழாம் நாள் ஆய்வுக்கூடத்தைக் கடந்தபோது மேனேஜரின் குரல் கேட்டது. "புது ரூமுக்கு என்ன பெயின்ட் அடிக்கலாம்? நீயே சொல்லும்மா."

முடிவு தெரிவதற்கு முன்னாலேயே பெயின்ட். கரண்டியக்கா சரக்குக் கூடத்துக்குப் போனாள். அரை மணியானதும் தன் பெட்டியை உள்ளே தள்ளினாள். மற்றதைத் தொடவில்லை. அதன் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, யாராவது கேட்டால் மறந்துவிட்டதாகச் சொல்ல மனதுக்குள் ஒத்திகை பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் தாண்டிய பிறகுதான் அதையும் உள்ளே தள்ளினாள். நான்கு நாள் அப்படியே செய்தாள். அட்டைப் பெட்டியின் ஓரம் வியர்ப்பதைப் பார்க்க இதமாக இருந்தது.

வாங்க வந்தவள் ஒரு நடுவயதுப் பெண்மணி, அதிகம் பேசாதவள். ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் ஒட்டிய கோப்பைகளை வைத்தார்கள். ஒன்று கரண்டியக்காவினுடையது. அதை வாயில் வைத்த பெண்மணி, நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை தேய்த்தாள். இரண்டாவதைச் சாப்பிட்டாள், மறுபடியும் ஒரு கரண்டி எடுத்தாள்.

கரண்டியக்காவும் இரண்டையும் எடுத்துப் பார்த்தாள். தன்னுடையதில் மெல்லிய நறநறப்பு. மற்றது, நான்கு நாள் வெந்து தணிந்தும், பட்டாக இருந்தது; கூட்டிப் போட்ட பிசின் ஐஸைத் திரளவிடவில்லை. பொய் சொல்ல அவள் மனம் தயாராகத்தான் இருந்தது. நாக்கு ஒத்துழைக்கவில்லை. "ரெண்டாவதுதான்" என்றாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பெண்மணி பெட்டிகளைக் கொண்டுவரச் சொல்லி, அடியிலிருந்து தீப்பெட்டி அளவில் வெள்ளையாக ஏதோ ஒன்றை எடுத்தாள். உள்ளே எவ்வளவு குளிர் என்று நிமிடத்துக்கு நிமிடம் குறித்து வைக்கும் கருவி. வாங்குகிறவர்கள் அனுப்பியதை, ஆய்வுக்கூடத்தில் பெட்டிகளுக்குள் வைத்திருந்தார்கள். கரண்டியக்காவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கணினித் திரையில் இரண்டு கோடுகள் விழுந்தன. முதல் கோட்டில் இருபது சின்ன மேடுகள். இரண்டாவது கோட்டில் பதினாறு மேடு, பிறகு நான்கு மலை.

பெண்மணி தன் மொழியில் ஏதோ கேட்டாள். சின்னவள் மொழிபெயர்த்தாள். "கடைசி நாலு நாள் ரெண்டாவது பெட்டி ரொம்ப நேரம் வெளியில இருந்திருக்கு. ஏன்னு கேக்குறாங்க."

மேனேஜர் கரண்டியக்காவைப் பார்த்தார். அவள் ஒத்திகை பார்த்ததை விட்டுவிட்டு, கோட்டுப் பைக்குள் கரண்டியைத் தேடினாள்.

சின்னவள் திரையைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு அந்த மொழியில் நீளமாக ஏதோ சொல்லிவிட்டு மேனேஜரிடம் திரும்பினாள். "நான்தான் சார் அக்காகிட்ட வைக்கச் சொன்னேன். துறைமுகத்துல கரன்ட் போனாத் தாங்குமான்னு பாக்க."

பெண்மணியின் முகம் மலர்ந்தது. இவ்வளவு கடுமையாகத் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ளும் ஆலையைத் தான் பார்த்ததில்லை என்றாளாம். இரண்டாவது பக்குவத்தையே எடுத்துக்கொண்டு, கேட்டதைப்போல இரண்டு மடங்கு சரக்குக்குக் கையெழுத்துப் போட்டாள்.

உடை மாற்றும் அறையில் கரண்டியக்காவும் சின்னவளும் தனியாக இருந்தார்கள்.

"எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றாள் கரண்டியக்கா.

"வேற என்ன சொல்றது? ஆர்டர் போயிருக்கும். நீங்களும் போயிருப்பீங்க."

"கோவம் வரலையா உனக்கு?"

"வராம? வீட்டுக்குப் போயி, தண்ணி மோட்டார் ஓடுறப்போ மாடியில நின்னு கத்திக்கிறேன். உங்களுக்குக் கேக்காது." தலையில் போட்டிருந்த வலையைக் கழற்றி மடித்தாள். "இப்போ அறிக்கை எழுதணும்க்கா. ஒவ்வொரு நாளும் எவ்வளவு நேரம் வெச்சீங்க? சரியாச் சொல்லுங்க."

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். தான் செய்த கெடுதலைக்கூட அவள் தன் கெட்டிக்காரத்தனமாக மாற்றிக்கொண்டுவிட்டாளே என்று கரண்டியக்காவுக்கு வயிறு எரிந்தது.

"முதல் நாள் ரெண்டு மணி பத்து நிமிஷம்," என்றாள்.

"அடுத்த நாள்?"

"ரெண்டே கால்."

சின்னவள் மடியில் தாளை வைத்து எழுதிக்கொண்டே போனாள். எழுத்து முத்து முத்தாக இருந்தது. கரண்டியக்காவுக்கு அதையும் பார்க்கப் பொறுக்கவில்லை.