இந்த வீட்டில் டீ கிடையாது, நடை உண்டு

என் இடது காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்தது எனக்குத் தெரியாது. பேருந்திலேயே விழுந்ததா, லிங்கராஜபுரத்தில் இறங்கும்போது விழுந்ததா என்று இன்றுவரை தெரியாது. கதவைத் திறந்த மகள் ஜெனிதான் என் காலைப் பார்த்தாள்.

"டாடி, இன்னொரு செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தேன். ஒரு காலில் செருப்பு, மற்றதில் ரோட்டுத் தூசி. அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், ஒரு கல்கூடக் குத்தியதாக ஞாபகமில்லை. "ஆஃபர்ல ஒண்ணுதான் குடுத்தாங்க" என்றேன். அவள் சிரித்தாள், அடுப்படியிலிருந்து என் மனைவி ஸ்டெல்லாவும் சிரித்தாள். மூன்றாம் நாள் காலையில் என்னால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை.

நான் சேலைக் கடையில் விற்பனையாளன். பத்தொன்பது வருடமாக நின்றே வேலை. படிப்பு எட்டாவதோடு சரி, மிச்சத்தைச் சேலை எடுக்க வந்தவர்களிடம் படித்தேன். மனிதர்கள் பேசுவதைக் கேட்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தபோதும் காது மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. பக்கத்து ஸ்ட்ரெச்சர்காரரிடம் அவர் மனைவி சொன்னார்: "வலிக்குதுன்னு கத்தாதீங்க, வலிக்கலன்னாதான் இங்க பயப்படணுமாம்." எனக்கு வலியே இல்லை. அப்போதுதான் பயம் வந்தது.

முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்தார்கள், நரம்புக்குள் மின்சாரம் ஓடும் வேகத்தைச் சோதித்தார்கள். கிலான்-பாரே சின்ட்ரோம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி எதிரி என்று தவறாக நினைத்துச் சொந்த நரம்புகளின் மேலுறையையே தாக்கும் நோய்) என்றார் டாக்டர். ஸ்டெல்லா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"எப்ப டாக்டர் இவரு கடைக்குப் போவாரு?"

"மாசக்கணக்கு ஆகும்மா. பெரும்பாலானவங்க நடந்துடறாங்க. எத்தனை மாசம்னு அவர் நரம்பைத்தான் கேக்கணும்."

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் (தானமாக வந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்) ஏற்றினார்கள். அதன் விலையை இங்கே எழுத மாட்டேன், படிக்கிறவர்களுக்கு மயக்கம் வரும். ஆஸ்பத்திரியில் கொஞ்சம் குறைத்தார்கள். மீதிக்கு ஸ்டெல்லா தன் ஏலச்சீட்டைப் பெரிய நஷ்டத்தில் தள்ளி எடுத்தாள். நோய் மார்புக்கு ஏறுகிறதா என்று பார்க்க நர்ஸ் அடிக்கடி வந்து ஒரே மூச்சில் எண்ணச் சொல்வார். நான் முப்பத்தெட்டு வரை போவேன். "பேசிப் பேசியே வளத்த நுரையீரல், ஒண்ணும் ஆகாது" என்றார். ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தேன். கைகள் திரும்பிவிட்டன, கால்கள் திரும்பவில்லை. இடது காலில் ஃபுட் டிராப் (பாதத்தின் முன்பகுதி தூக்க முடியாமல் தொங்கிப்போவது). வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபி கட்டாயம் என்று டாக்டர் சொன்னார். "நரம்பு மெதுவா வரும். அது வர்ற வரைக்கும் கணுக்காலை இளக்கமா வெச்சிருக்கணும். விட்டுட்டா குதிகாலுக்கு மேல இருக்கிற நாண் சுருங்கிடும். அப்புறம் நரம்பு வந்தும் கால் ஊன வராது."

இதை நீங்கள் மறக்க வேண்டாம். நான் மறந்தேன்.

இனி காசு விஷயம். முன்பு என் சம்பளம் இருபத்திரண்டாயிரம், நர்சரிப் பள்ளியில் ஸ்டெல்லாவுக்குப் பதிமூன்று. இப்போது அவள் பதிமூன்றோடு என் முதலாளி மனமிரங்கி அனுப்பும் ஐந்து. வாடகை எட்டாயிரத்து ஐந்நூறு, சீட்டுப் பாக்கி இரண்டாயிரம், பிசியோ ஒரு தடவைக்கு நானூறு வீதம் மாதம் நாலாயிரத்து எண்ணூறு. மிச்சம் இரண்டாயிரத்து எழுநூறு. அதில் மூன்று பேர் சாப்பிட வேண்டும், கேஸ் வாங்க வேண்டும், பன்னிரண்டாவது படிக்கும் பெண் கல்லூரிக்கு (இந்த ஊரில் பதினொன்றும் பன்னிரண்டும் கல்லூரியில்தான்) போய்வர வேண்டும்.

பதினெட்டு வருடமாக வீட்டுக் கணக்குப் பார்த்தவள் ஸ்டெல்லாதான். கொத்துமல்லிக் கட்டு என்ன விலை என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருநாள் கணக்கு நோட்டைக் கொண்டுவந்து என் வயிற்றின்மேல் வைத்தாள். "சும்மாதான படுத்திருக்கீங்க. நீங்களே பாருங்க. எனக்கு இதைப் பாத்தாலே தலை சுத்துது."

எனக்கு வேலை கிடைத்த மாதிரி இருந்தது. கேபிளை வெட்டினேன், பேப்பரை வெட்டினேன், அரிசியில் ஒரு ரகம் கீழே இறங்கினேன். ஜெனி தலைக்கு ஷாம்பூ கேட்டால் "போன மாசம் என்ன ஆச்சு?" என்று ஆடிட்டர் மாதிரி கேட்பேன். "டாடி, காலு சரியாகற வரைக்கும் உங்க வாயையும் கொஞ்சம் கட்டி வெக்க முடியுமா?" என்பாள்.

வெட்டவே முடியாத ஒன்று இருந்தது: பார்க்க வருகிறவர்கள். எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள், வந்தவரை யாரும் வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள். சர்ச்சிலிருந்து வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்துக்கு இருபது பேர். மற்ற நாட்களில் நாலு, ஐந்து. பால், டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட் என்று மாதம் இரண்டாயிரத்து முந்நூறு எனக்காக ஜெபித்தவர்களின் தொண்டையில் இறங்கியது. அவர்கள் கொண்டுவந்ததோ ஆப்பிளும் சத்துபான பாட்டிலும். வீட்டில் ஏழு பாட்டில் இருக்கும், துவரம்பருப்பு இருக்காது.

ஸ்டெல்லா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். பாட்டிலைத் தெருமுனை மஞ்சண்ணா கடையில் திருப்பிக் கொடுத்துப் பருப்பும் எண்ணெயும் வாங்கிவந்தாள். மீதி மளிகை அவர் கடைக் கடனில் ஓடியது. ஒருநாள் மஞ்சண்ணா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். "ஸ்டெல்லாம்மா, இது நானே பென்சில்ல கோடு போட்ட பாட்டில். மூணு தடவை வித்துட்டேன், மூணு தடவையும் இங்கயே வந்துச்சு. இது பாட்டில் இல்ல, சேட்டு வீட்டுப் பூனை. எங்க கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வந்துடுது."

மாதம் இருபதாம் தேதி நோட்டைப் பார்த்தேன். பரீட்சைக் கட்டணம் என்று ஜெனி ஒரு தொகை சொல்லியிருந்தாள். எங்கும் இடமில்லை. ஒரே ஒரு கொழுத்த வரி மட்டும் கண்ணில் உறுத்தியது: பிசியோ.

பிசியோதெரபிஸ்ட் காவ்யா காலை பதினோரு மணிக்கு வருவாள். அந்த நேரத்தில் ஸ்டெல்லா பள்ளியில், ஜெனி கல்லூரியில். போனில் காவ்யாவிடம், "நல்லா தேறிட்டேன்மா, அடுத்த மாசம் பாக்கலாம்" என்றேன். ஸ்டெல்லாவிடம், "வந்தா, நல்லா பண்ணிட்டுப் போனா" என்றேன். பரீட்சைக் கட்டணம் கட்டினோம். ஞாயிற்றுக்கிழமை அரைக் கிலோ கோழிகூட வாங்கினோம். "பரவால்லயே, என்னைவிட நல்லாத்தான் குடும்பம் நடத்தறீங்க" என்றாள் ஸ்டெல்லா. மூன்று வாரம் அந்தப் பாராட்டில் மிதந்தேன்.

நாலாவது ஞாயிறு மாலை காவ்யா வந்து நின்றாள். கையில் அரை டஜன் வாழைப்பழம்.

"ஃபீஸ் கேக்க வரல அங்கிள். பேஷண்ட் பாக்க வந்தேன். வந்தவங்களுக்கு டீ உண்டு தானே?"

ஸ்டெல்லா டீயோடு வந்தாள். "என்னம்மா, நேத்துதான வந்துட்டுப் போன?"

"நேத்தா? நான் இந்தப் பக்கம் வந்து மூணு வாரம் ஆச்சு ஆன்ட்டி."

நான் கூரை விசிறியைப் பார்த்தேன். காவ்யா டீயை ஓரமாக வைத்துவிட்டு என் இடது பாதத்தைப் பிடித்து மேலே மடக்கினாள். முன்பு வந்த அளவுக்கு வரவில்லை. இன்னொரு முறை அழுத்தினாள். அவள் முகம் மாறியது. "டைட் ஆயிடுச்சு அங்கிள். இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கத்தியில முடிஞ்சிருக்கும்."

ஸ்டெல்லா என் பாதத்தைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள். "அப்ப மூணு வாரமா உங்க காலைத்தான் நான் குழம்பு வெச்சேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இதே நிலையில் இருக்கிற உங்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்வேன். வரவு குறைந்த வீட்டில் கணக்கை நோயாளி கையில் தனியாகக் கொடுக்காதீர்கள். அவன் எல்லாவற்றையும் வெட்டிப் பார்த்துவிட்டுக் கடைசியில் தன்னையே வெட்டுவான். அதைத் தியாகம் என்றும் நினைத்துக்கொள்வான். ஊன்ற முடியாத கால் வீட்டுக்கு எவ்வளவு செலவு என்று அவனுக்குக் கூட்டத் தெரியாது.

அன்று அடுப்படியில் ஸ்டெல்லாவும் காவ்யாவும் ஒரு மணி நேரம் பேசினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் வழக்கம்போல எல்லார் கண்ணும் அடுப்படிப் பக்கம் போனது. ஸ்டெல்லா நடுவில் வந்து நின்றாள்.

"ஒரு விஷயம். இனிமே இந்த வீட்ல டீ கிடையாது. ஆப்பிள் வேணாம், பாட்டிலும் வேணாம். யாரு வந்தாலும் இவரைப் புடிச்சி தெருக்கோடி வரைக்கும் நடக்க வெச்சிட்டுப் போங்க. அதுதான் எங்களுக்கு ஜெபம்."

எனக்குக் கட்டிலுக்கடியில் போய்விடலாம் போலிருந்தது. வந்தவருக்கு ஒரு வாய் டீ கொடுக்காத வீடு என்று பெயராகிவிட்டதே. தெருமுனையில் இட்லி வண்டி போட்டிருக்கும் ரோஸி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"டீ இல்லாம ஜெபமா? ஆண்டவரே ஒத்துக்க மாட்டாரே."

"நடந்துட்டு வந்தா தண்ணி தரேன்க்கா."

"வெந்நீயா?"

"கேஸ் விலை தெரியுமில்ல? பச்சத் தண்ணி."

வீடே சிரித்தது. அந்தச் சிரிப்போடு என் மானமும் பாதி திரும்பிவிட்டது.

காவ்யா வாரம் ஒரு நாள் வந்தாள். கணுக்காலைத் துண்டு போட்டு இழுத்து இளக்குவதை ஜெனிக்குக் கற்றுக்கொடுத்தாள், காலையும் மாலையும் அவள் அதைச் செய்தாள். பாதம் தொங்காமலிருக்க ஸ்பிளின்ட் (பாதத்தை நிமிர்த்திப் பிடிக்கும் தாங்கி) ஒன்றை யாரோ பயன்படுத்தியதாகக் காவ்யாவே தேடிக் கொண்டுவந்தாள். பழைய பயணப் பெட்டியின் பட்டையை ஸ்டெல்லா தைத்து என் இடுப்பில் கட்டிவிட்டாள். வருகிறவர்கள் அதைப் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். "தூக்காதீங்க, சும்மா புடிச்சிருங்க. விழுந்தா மட்டும் இழுங்க" என்பது காவ்யாவின் கட்டளை. பிசியோவில் மூவாயிரத்து இருநூறு குறைந்தது, டீயில் இரண்டாயிரத்து முந்நூறு. நோட்டு மறுபடியும் மூச்சு விட்டது.

கூட்டம் குறையும் என்று நினைத்தேன், கூடியது. சாய்ந்து உட்கார்ந்து என்ன பேசுவது என்று தெரியாமல் முன்பு விழித்தவர்களுக்கு இப்போது ஒரு வேலை கிடைத்துவிட்டது. காலண்டரில் பேர் எழுதிவைத்தார்கள். மஞ்சண்ணா மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வருவார். பட்டையைப் பிடித்துக்கொண்டு, "அருள், இவ்வளவு சின்ன அடி வெச்சா கடைக்கு எப்ப வருவே? உன் பாக்கி பெரிசா இருக்கு" என்பார். ஆட்டோ ஓட்டும் பக்கத்து வீட்டுக்காரர், "இன்ஜின் ஓகே, வயரிங்லதான் வேலை" என்று தினம் ஒருமுறை அறிக்கை தருவார். ஒருநாள் அவரும் நானும் போக்குவரத்தைத் திட்டிக்கொண்டே வேகத்தடையைப் பார்க்காமல் இரண்டு பேருமாக உட்கார்ந்துவிட்டோம். எனக்கு அடியில்லை. அவருக்குத்தான் இரண்டு நாள் முதுகுவலி.

அவர்கள் சொன்னதையெல்லாம் எழுதிவைத்தேன். ரோஸி அக்கா சொன்னவை மட்டும் நாலு பக்கம். முதல் மாதம் வாசலிலிருந்து மின்கம்பம் வரை. இரண்டாம் மாதம் மாவு மில். "இன்னும் ஒரு அடி தம்பி, அந்த நாய் வரைக்கும்" என்பார். நாய் எழுந்து தள்ளிப் போய்ப் படுக்கும். "அதுவும் நம்ம கட்சிதான், வா" என்பார்.

நாலாம் மாதம் இடது கால் கட்டைவிரல் அசைந்தது. ஜெனிதான் முதலில் பார்த்தாள். யாரிடமும் சொல்லாமல் போய் ஸ்டெல்லாவைக் கூட்டிவந்து, "இன்னொரு தடவை பண்ணுங்க டாடி" என்றாள். பண்ணினேன். மூன்று பேரும் ஒரு கட்டைவிரலை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இது பத்தாவது மாதம். கடையில் அரை நாள் வேலை, அரைச் சம்பளம். முதலாளி ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார். நோட்டை நானும் ஸ்டெல்லாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கிறோம், எதை வெட்டினாலும் மூன்று பேர் கையெழுத்து என்பது ஜெனி போட்ட சட்டம். டீ இன்னும் வரவில்லை. இடது பாதத்துக்கு அடியில் இன்னும் பஞ்சு வைத்த மாதிரிதான் இருக்கிறது. அது அங்கேயே தங்கிவிடலாம் என்றார் டாக்டர். தங்கட்டும், வாடகை கேட்கப் போவதில்லை. முன்பு எனக்கு மாதம் என்றால் ஒன்றாம் தேதி சம்பளம், இருபதாம் தேதி கை காலி. இப்போது மாதம் என்பது மாவு மில்லிலிருந்து மேம்பாலம் வரைக்குமான தூரம்.

போன ஞாயிறு ரோஸி அக்கா வண்டியைக் கழுவிச் சாத்திவிட்டு நடக்க வந்தார். இடுப்பில் பட்டை இல்லாமல் கிளம்பினேன். ஏதோ சொல்லிக்கொண்டே போனேன். மேம்பாலம் தெரியும் இடத்தில், பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, கொஞ்சம் மெதுவா போயேன்."

நின்றேன். பத்து மாதமாக இந்தத் தெருவில் அந்த வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை.

"என்னக்கா சொன்னீங்க?"

"மெதுவா போன்னேன். காதுலயும் நரம்பு போயிடுச்சா?"

இருபது அடி பின்னால், ஒரு கையை முட்டியில் ஊன்றி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். நான் வெயிலில் நின்றேன். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் வந்து சேரும் வரை நின்றேன்.