பருத்திக்கு மாமி போட்ட சட்டம்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் குடியேறுவார். போன வீட்டில் எதையும் குறை சொல்லக்கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில், கல்முனைக்குடியில் எனக்காக ஒரு தலையணை காத்திருந்தது. உறையில் பூ, உள்ளே பாறை. ஒரு மாதத்தில் கழுத்து ஒரு பக்கமாக மட்டுமே திரும்பியது. மறு பக்கத்தில் நின்று சலாம் சொன்னவர்களுக்கெல்லாம் நான் திமிர் பிடித்தவன். கடையில் புதிது வாங்கினால் அதுவும் குறை சொன்னதாகிவிடும்.

பாண்டிருப்புக் கூட்டாளி ஒருவன், விவசாயப் போதனாசிரியர், பருத்தி விதை தந்தான்.

"பஞ்சு எடுத்து முடிஞ்சதும் செடியப் புடுங்கி எரிச்சிரணும். இல்லாட்டிப் பூச்சி தங்கி, காடு வெட்டிச் செய்யிற சேனைப் பருத்திக்குப் போயிரும்."

கிணற்றடியில் ஆறு செடி. மஞ்சளாய்ப் பூத்து, சிவந்து, சுருண்டு, பிறகொரு நாள் பட்டப்பகலில் நட்சத்திரம் வெடித்தது போல வெள்ளை வெள்ளையாய்!

மாமி, அதாவது மனைவியின் உம்மா, என்னோடு நேரே கதைப்பதில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று மகளுக்குச் சொல்வார், எனக்குக் கேட்கும்.

"மகள், அவருக்கிட்டச் சொல்லு. ஊட்டுல பஞ்சு இரிக்கக்குள்ள, கேட்டு வந்தவங்களுக்கு இல்லெண்டு சொல்லப்படா. கடைசியில எல்லார்ர மூக்குக்கும் தேவப்படுற சாமான்."

கேட்டு வந்தார்கள். காதுவலிக்கு ஒருத்தி. சுன்னத்து வைக்க ஒஸ்தா மாமா. மையத்து வீட்டில் மூக்கடைக்க இரண்டு கை. அடுத்த வீட்டுக் காக்கா (எங்களுக்கு அண்ணன்தான் காக்கா) வெள்ளி தோறும், அத்தர் தோய்த்துக் காதில் செருக. எனக்கு மிஞ்சியது பூனைக்குட்டியின் தலைக்கே காணாது.

ஒருநாள் கூட்டாளி வந்து நின்றான். "இன்னும் புடுங்கல்லையா?"

திரை அசைந்தது. "மகள், சொல்லு. பூவோட நிக்கிற செடியப் புடுங்கினாப் பாவம்."

"உம்மா, பூச்சி வந்திரும். அதான் ரூல்ஸ்" என்றான் கூட்டாளி.

"பூச்சிக்கும் ரூல்ஸ் தெரியுமா எண்டு கேளு மகள்!"

அவன் களைத்துப்போனான். "தலகணிக்கெண்டுதானே உங்கட மருமகன் விதை வாங்கினவர்? ஆறு செடிப் பஞ்சும் ஒரு தலகணிக்குப் போதல்லையா?"

 என் கழுத்து அனுமதித்த ஒரே பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்தப் பக்கத்தில்தான் திரை இருந்தது.

திரை விலகியது. முதல் தடவையாக நேரே கேட்டார்:

"மருமகன், நாங்க தந்த தலகணி கல்லா?"

"இல்ல மாமி. நல்ல தலகணி."

மாமி என் கழுத்தைப் பார்த்தார். "செடியப் புடுங்குங்க தம்பி" என்று கூட்டாளியிடம் சொல்லிவிட்டு, முக்காட்டை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வெளியே ஒழுங்கைச் சந்துக்குள் இறங்கினார். பஞ்சு கேட்டால் யாரும் இல்லையென்று சொல்லக்கூடாதே. சட்டம் ஒழுங்கைக்கும் சேர்த்துத்தான்.

மூன்றாம் நாள் பகல், கட்டிலில் புதுத் தலையணை. தலை வைத்தேன். மேகம். கழுத்து மெல்ல மெல்ல நேரானது. மறு பக்கம் திரும்பினேன். தலையணை மூலையிலிருந்து குப்பென்று அத்தர் மணந்தது. அடுத்த வீட்டுக் காக்காவின் அதே அத்தர்.

"மருமகன், தலகணி எப்படி?"

"நல்ல தலகணி மாமி."