கருப்புக் குதிரைக்குள் ஒரு செவலை

என் மனைவியின் தம்பிக்குக் கூடலூரில் திராட்சைத் தோட்டம் இருந்தது. வண்டிப் பந்தயத்தில் எவரையும் முந்தவிடாத ஒரு கருப்புப் பெண்குதிரை இருந்தது. அறிவுக்கு மட்டும் என்னை நம்பியிருந்தான். அங்கேதான் சனி பிடித்தது.

எவனோ செவலைக் குதிரை பூட்டிக் கைதட்டல் வாங்கியதைப் பார்த்துவிட்டு வந்து, தனக்கும் செவலை வேண்டும், அதுவும் இவள் வயிற்றில் பிறந்ததாக வேண்டும் என்றான். புடவைக் கடையில் பேச வேண்டிய பேச்சு. சிரித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். படித்தவன் அல்லவா, பேப்பரும் பேனாவும் கேட்டேன்.

கருப்பு இருக்கும்வரை செவலை வெளியே தலைகாட்டாது, உள்ளே பதுங்கியிருக்கும். இவளுடைய தகப்பன் செவலை. ஆகவே இவளுக்குள்ளும் அது உண்டு. செவலை ஆண்குதிரையோடு சேர்த்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று கட்டம் போட்டுக் காட்டினேன்.

முதல் குட்டி கருப்பு. இரண்டாவதும் கருப்பு. ஒவ்வொரு சினைக்கும் அவளுக்கு ஒரு வருட ஓட்டம் போயிற்று.

"பாதிக்குப் பாதின்னு சொன்னீகளே மச்சான், ரெண்டுல ஒண்ணு எங்க?"

"அது காசு சுண்டுற மாதிரி மாப்ள. ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் ஆரம்பிக்கும்."

"அப்ப கட்டம் எதுக்கு? காச நானே சுண்டியிருப்பேனே!"

மூன்றாவது செவலை. தணல் துண்டு மாதிரி. ஊருக்கே மிட்டாய் கொடுத்தான். பார்க்க வந்த குதிரைத் தரகர் நிறத்தைப் பார்க்கவேயில்லை. நெற்றி மயிரை விலக்கினார்.

"ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ரெண்டு சுழி. வச்சிருக்கவனுக்கு ஆகாதுப்பா."

இந்தப் பக்கத்தில் குதிரை வாங்குகிறவன் காலைப் பார்ப்பதற்கு முன் சுழியைப் பார்ப்பான். என் கட்டத்தில் அதற்கு இடமில்லை. மயிர் சுழன்றால் மனிதனுக்கு என்ன ஆகும் என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். மைத்துனன் அடக்கமாகக் கேட்டுக்கொண்டான்.

குட்டி பால் மறந்ததும் தாயைப் பந்தயத்தில் பூட்டினான். பாதி தூரத்தில் நின்றுவிட்டாள். சாட்டைக்கும் அசையவில்லை. பழைய நாளில் அவளுக்குப் பின்னால் புழுதி குடித்தவர்களெல்லாம் சாவகாசமாகக் கடந்துபோனார்கள்.

அன்று சாயங்காலமே மினி லாரியில் குட்டியோடு தேனியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ஆகாதுன்னா ஆகாதுதான். பாத்தீகல்ல? நீங்களே வச்சுக்கங்க மச்சான், ஒங்களுக்குத்தான் சுழியில நம்பிக்கை இல்லையே."

மூன்று பேறு கண்ட உடம்பு மாப்ள, சுழி என்ன செய்யும் என்று சொல்ல வாயெடுத்தேன். மூன்று பேறும் யார் போட்ட கட்டம் என்று அவன் கேட்டிருப்பான். பழி சுழியின் மேலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் செவலை நிற்கிறது. தினமும் நான்தான் தீவனம் வைக்கிறேன். பக்கவாட்டில் நின்று வைக்கிறேன். நேரே நின்றால் நெற்றி தெரிகிறது.