கிணற்றுக்கு எந்தக் கோர்ட்டு

எங்கள் நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் ஒரே கிணறு. காலையில் பக்கத்து நிலத்துக்காரர் இறைப்பார், மதியம் நான். காலை முறை எனக்குத்தான் வேண்டும் என்று ஐம்பதுகளில் அவர்மேல் வழக்குப் போட்டேன். கிருஷ்ணகிரி முன்சீப் கோர்ட்டில் தோற்றால் சேலம் ஜில்லா கோர்ட்டு, அதற்கும் மேலே மெட்ராஸ் ஹைகோர்ட்டு என்றார் என் வக்கீல். மெட்ராஸ் வரைக்கும் போவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆனால் ஓசூர் போய்க் கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்க அவரிடம்தான் மாட்டு வண்டி இருந்தது. வாய்தாவுக்கு வாய்தா அதில்தான் இருவரும் போனோம். அவர் வீட்டுப் புளிச்சோற்றைக் கோர்ட்டு வாசலில் சேர்ந்து தின்றுவிட்டு, உள்ளே போய் எதிரெதிரே நின்றோம்.

மூன்றாம் வாய்தாவில் நீதிபதி சர்வே படத்தைப் பிரித்தார். நாங்கள் தலைமுறையாகக் காளை கட்டிவந்த கல்தான் மைசூர் எல்லைக் கல்லாம். நிலம் இந்தப் பக்கம், கிணறு அந்தப் பக்கம். கிணற்று வழக்கை விசாரிக்க இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லை, மைசூர்ப் பக்கம் ஆனேக்கல் கோர்ட்டில் போடு என்று பிராதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் அவர் கேட்டார்: "ஏம்பா, ஆனேக்கல்லுக்கு என்னைக்குப் போலாம்? மாட்டுக்கு லாடம் அடிக்கணும், முன்னாடியே சொல்லிடு."

"சொல்றேண்ணா," என்றேன். சொல்லவே இல்லை.

அவர் காலமானபின் பிள்ளைகள் பெங்களூருக்குப் போய்விட, காலை முறையும் எனக்கே வந்தது. நான் கடைசிவரை மதியம்தான் இறைத்தேன்.