கண்ணாடி அறையில் கொழுந்தன்

தொழிற்சாலையில் அவளுக்கு 'பீப் அக்கா' என்று பெயர். பதினான்கு வருடமாக உடற்தகுதிச் சோதனை அறையில் இரண்டு கருவிகளோடு உட்கார்ந்திருக்கிறாள். ஒன்று ரத்த அழுத்தம் பார்க்க, இன்னொன்று காது பார்க்க. காதைவிடக் கண்ணை நம்பி வருகிறவர்களே அதிகம் என்பாள். ஒலி வந்தால் கை தூக்க வேண்டும். அவர்களோ பொத்தானை அழுத்தும் அவள் விரலைப் பார்த்துத் தூக்குவார்கள். அதனால் எல்லோரையும் சுவரைப் பார்த்து உட்காரவைப்பாள்.

அன்று வந்தவன் அவளுடைய கொழுந்தன். கிரேன் ஓட்டுகிறவன். காது தேறாவிட்டால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள். அப்புறம் பெருக்குகிற வேலைதான்.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். நூற்று அறுபதுக்கு நூறு.

"மாடி ஏறி வந்தேன்ல அண்ணி."

"இது கீழ்த்தளம்."

சிரித்தான்.

காது பார்க்கும் கண்ணாடி அறைக்குள் போய் ஹெட்போன் மாட்டியதும் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டான். "செவுத்தையே பாத்தா மூச்சு முட்டுது." கொழுந்தனாயிற்றே என்று விட்டாள்.

கனத்த ஒலிகள் முடிந்தன. குமிழை நாலாயிரம் ஹெர்ட்ஸுக்குத் திருகினாள். விசில் போன்ற கீச்சொலி. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் போவது அதுதான். சத்தத்தைக் குறைத்தாள். கை தூக்கினான். இன்னும் குறைத்தாள். தூக்கினான். இருபது வயதில்கூட இவ்வளவு கேட்காது.

மேஜைக்கு அடியில் கைவிட்டு ஹெட்போன் ஒயரைக் கழற்றினாள். பொத்தானை அழுத்தினாள்.

கை தூக்கினான். மூன்று முறை.

வெளியே வந்து, "எனக்குப் பாம்புக் காது அண்ணி" என்றான்.

"பாம்புக்குக் கண்ணுதான் காது." ஒயர் நுனியை மேஜைமேல் வைத்தாள்.

"எப்பக் கழட்டுனீங்க?"

"கடைசி மூணுக்கு."

கதவைச் சாத்தினான். "ஒரு வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன். ஒண்ணும் ஆகலையே. கீழ விசில் ஊதுறவன் கன்னம் உப்புறது எனக்குத் தெரியும்."

"முதுகைக் காட்டிட்டு ஊதினா?"

அவன் ஒயர் நுனியை அவள் பக்கம் தள்ளினான்.

"சுமைக்குக் கீழ எட்டுப் பேரு தம்பி."

"என்னை இறக்கிட்டு, ராத்திரி வீட்டுல என் தட்டுல எப்படிச் சோறு போடுவீங்க?"

'தகுதி இல்லை' என்ற கட்டத்தில் கோடு போட்டாள். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி அழுத்திப் போட்டாள். படிவத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

அடுத்த ஆள் வெளியிலிருந்து கதவைத் தட்டினான். கொழுந்தன் குனிந்து கையெழுத்துப் போட்டான்.

"அண்ணன்கிட்ட நீங்க சொல்லாதீங்க. நானே சொல்லிக்கிறேன்."