முள்ளெழுத்தும் மூன்று தடிகளும்

ஆங்கில எழுத்துகளில் ஒரு காலத்தில் 'முள்' என்ற பெயருடைய எழுத்து ஒன்று இருந்தது. அதுதான் என் அப்பாவின் மரக்கடையிலிருந்து மூன்று தடிகளை வண்டியேற்றிச் செங்கோட்டைக்கு அனுப்பியது. கேட்டால் நம்பமாட்டீர்கள், முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

அந்த வருஷம் நான் டைப்ரைட்டிங்கில் ஹையர் கிரேடு பாஸ் செய்திருந்தேன். தென்காசியில் அதை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் அதை வீணை வாசிப்பு மாதிரி ஒரு கலை என்றே நினைத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தால், "எங்க, கொஞ்சம் அடிச்சுக் காட்டு" என்பார்கள். இந்த நிலையில் குற்றாலத்தில் சீசனுக்கு ஒரு பங்களா எடுத்துத் தங்கியிருந்த ஆங்கிலேய அம்மாள் ஒருவருக்கு டைப் செய்ய ஆள் வேண்டும் என்று செய்தி வந்தது. இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் வெகுகாலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கப்பலேறுமுன் ஒரு புத்தகத்தை முடித்துவிட வேண்டுமென்று உட்கார்ந்திருந்தார். புத்தகம் முழுவதும் முடிந்தால் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி ஆபீசுக்கு எனக்குச் சிபாரிசு எழுதித் தருவதாகச் சொன்னார். பாதியில் போகிறவர்களுக்குச் சிபாரிசு கிடையாது. எனக்கு முன்னால் இரண்டு பேர் பாதியில் போயிருந்தார்கள்.

அப்பா யோசித்துத்தான் சம்மதித்தார். "சீசன் முடியிற வரைக்கும் போ. ஆனா ஒன்னால கடைக்கோ வீட்டுக்கோ ஒரு தொந்தரவு வந்துதுன்னா, அன்னைக்கோட மெஷினை மூடிரணும். சரியாட்டி?" என்றார். சரி என்றேன். அப்போது அது சுலபமான நிபந்தனையாகத்தான் தோன்றியது. டைப்ரைட்டரால் மரக்கடைக்கு என்ன தொந்தரவு வரும்?

புத்தகம் ரூன் என்ற எழுத்துகளைப் பற்றியது. ஆங்கிலேயரின் முன்னோர்கள், லத்தீன் எழுத்து அவர்களுக்கு வருவதற்கு முன், மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் வெட்டிய எழுத்துகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரின் முதல் ஒலிதான் அந்த எழுத்தின் ஒலி. குதிரை, பனிக்கட்டி, சூரியன், கால்நடை என்று அந்த ஊர்க்காரர்கள் வாசலில் நின்று கண்ணில் பட்டதையெல்லாம் பெயராக வைத்துவிட்டார்கள் போலிருக்கும். முள் என்ற எழுத்துக்கு வடிவமும் முள்தான். நேராக ஒரு கோடு. அதன் வலப்பக்கம், நடுவில், கூராக நீட்டிக்கொண்டு ஒரு முக்கோணம். இலந்தைக் குச்சியை ஒடித்துப் பிடித்தது போல.

ஆனால் இந்தப் பெயர் முதலில் வைத்த பெயர்தானா என்பது சந்தேகம். வடக்கே கடல் கடந்த இவர்களுடைய பங்காளிகள் இதே எழுத்தை அரக்கன் என்று அழைத்தார்கள். அதுதான் பழைய பெயர் என்றும், கிறிஸ்தவம் வந்த பிறகு அரக்கனைச் சொல்லக் கூசி இங்கிலாந்தில் முள் ஆக்கிவிட்டார்கள் என்றும் சிலர் சொல்கிறார்கள். நிச்சயமாக யாருக்கும் தெரியாது. எனக்கு அந்த அத்தியாயத்தில் பிடித்தது வேறு ஒன்று. லத்தீன் எழுத்து வந்தபோது அதில் இந்த ஒலிக்கு, அதாவது ஆங்கிலத்தில் முள்ளைச் சொல்லும் 'தோர்ன்' என்ற சொல்லின் முதல் ஒலிக்கு, எழுத்தே இல்லை. உடனே முள்ளைப் பிடுங்கி லத்தீன் வரிசைக்கு நடுவில் நட்டுக்கொண்டார்கள். நாம் ஜ, ஷ, ஸ, ஹ என்று கிரந்தத்திலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு இன்றுவரை சண்டை போடுகிறோமே, அதே காரியம். அவர்கள் சண்டை போடாமல் சில நூறு வருஷம் எழுதினார்கள். பிறகு வெளிநாட்டிலிருந்து வந்த அச்சுகளில் அந்த எழுத்து இல்லாததால் வேறு எழுத்தைப் போட்டு ஒப்பேற்றி, கடைசியில் முள்ளை மறந்தே போனார்கள்.

என் டைப்ரைட்டரிலும் அது இல்லை. முன்னால் வந்த இருவரும் அந்த இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். மேலே கொம்புள்ள சின்ன 'பி'யை அடித்து, பேக்ஸ்பேஸை அழுத்தி, கீழே வாலுள்ள சின்ன 'பி'யை அதன் மேலேயே அடித்தால், லத்தீன் வரிசையில் நட்ட முள் அப்படியே வந்துவிடும். அம்மாள் அந்தத் தாளை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, "நான் மிகவும் மகிழ்கின்றேன்" என்றார். அவருடைய தமிழ் அப்படித்தான் இருக்கும். இலக்கண வகுப்பில் கற்றுக்கொண்டு, சந்தைக்கு ஒரு நாளும் போகாத தமிழ்.

ரூன் எழுத்துகளில் படுக்கைக் கோடு கிடையாது. மரத்தில் ரேகை ஓடுகிற திசையிலேயே கோடு வெட்டினால் மரம் பிளந்துகொள்ளும், கோடும் தெரியாது. அதனால் ரேகைக்குக் குறுக்காகவும் சாய்வாகவும் மட்டுமே வெட்டினார்கள் என்று அம்மாள் எழுதியிருந்தார். எழுதிவிட்டு, "இது உண்மைதானா? நான் ஒரு மரத்தையும் வெட்டிப் பார்த்ததில்லையே" என்று கவலைப்பட்டார். நான்தான் சொன்னேன், எங்களுக்கு மரக்கடை இருக்கிறது என்று.

மறுநாளே தமது பழைய காரில் வந்து இறங்கிவிட்டார். அப்பா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அம்மாள் அதில் உட்காரவே இல்லை. தடிகளுக்கு நடுவில் நடந்துபோய், "இம்மரத்தில் ஒரு முள் வெட்டுவீரா?" என்று எங்கள் கடை ஆசாரியைக் கேட்டார். ஆசாரி அப்பாவைப் பார்த்தார்.

"தொரசானியம்மா ஆசப்பட்டு வந்திருக்காவ. வெட்டிக் காட்டுமே, மரம் என்ன தேஞ்சா போவும்?" என்றார் அப்பா.

நான் தாளில் வரைந்து காட்டினேன். ஆசாரி உளியை எடுத்து ஒரு பூவரசில் வெட்டினார். அம்மாளுக்குப் போதவில்லை, மரத்துக்கு மரம் ரேகை வேறல்லவா? வேம்பில் ஒன்று, வேங்கையில் ஒன்று. தடியின் நுனியோரம் பட்டை சீவிய இடத்தில் மூன்று முட்கள். அம்மாள் மூன்றையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் குற்றாலம் போய்ச் சேர்ந்தார். படுக்கைக் கோடு பற்றி எழுதியது சரியாகவே இருந்தது.

மரக்கடைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றோம். நான், அப்பா, ஆசாரி. தடியின் நுனியில் ஒரு குறி வெட்டினால் அது விற்றுப்போன மரம் என்பது மூவருக்கும் தெரியும். மரத்தை வாங்குகிறவர் விலை பேசி முடித்ததும் தம் குறியை அதில் வெட்டிவிட்டுப் போவார். பிறகு அவருடைய வண்டி வந்து குறியுள்ள தடிகளை ஏற்றிக்கொண்டு போகும். சீட்டுமில்லை, சாட்சியுமில்லை. அவ்வளவு தெரிந்தும் ஒருவருக்கும் அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. நாங்கள் வெட்டியது எழுத்து அல்லவா!

எல்லைக்கு அந்தப் பக்கம், அப்போது வேறு ராஜ்யத்தில் இருந்த செங்கோட்டையில் ஒரு பெரிய மரவியாபாரி இருந்தார். மலைமரங்களை நாங்கள் அவரிடம் வாங்குவோம்; ஆலங்குளம் பக்கத்து வேம்பை அவர் எங்களிடம் வாங்குவார். அவருடைய குறி கொடி. நேராக ஒரு கோடு, அதன் உச்சியில் முக்கோணமாக ஒரு கொடி. அந்த வாரம் அவர் வாங்கிக் குறி போட்ட இரண்டு வேம்பை எடுக்க அவர் வண்டி வந்தது. அப்பா கடையில் இல்லை. வண்டிக்காரர் இரண்டோடு மூன்றையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

போன வேங்கைதான் இலத்தூரில் கட்டிக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்கு உத்திரமாக அப்பா வாக்குக் கொடுத்திருந்த தடி. வெள்ளிக்கிழமை உத்திரம் ஏற்ற நாள் குறித்திருந்தார்கள். அன்று புதன். மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை.

"ஏட்டி, நாளையிலேருந்து நீ குத்தாலம் போவாண்டாம். செங்கோட்டைக்காரரு காலுல போயி நிக்கணும் இப்ப, ஒன் முள்ளால."

அம்மா அடுக்களையிலிருந்து, "நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள். அவள் எதையும் அன்றைக்கே சொல்லியிருப்பாள்.

நான் வாதாடவில்லை. செய்ய வேண்டியவற்றை மனதில் வரிசைப்படுத்திக்கொண்டேன். முதலில் மரம் திரும்ப வேண்டும். அதற்கு அது கொடி அல்ல என்று காட்ட வேண்டும். அதற்கு மெல்லிய தாளும் கார்பனும் வேண்டும். இரண்டும் என் பையில் இருந்தன. "நானும் வாரேன் அப்பா. தொரசானியம்மா கார்ல போயிரலாம்" என்றேன். அவசரத்தில் அப்பா மறுக்கவில்லை. குற்றாலம் போய் விஷயத்தைச் சொன்னதும் அம்மாளும் காரில் ஏறி எங்களோடு வந்துவிட்டார்.

செங்கோட்டைக் கடையில் அந்த வியாபாரி எங்களைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"வாரும் அண்ணாச்சி. நான் ஒமக்கு வித்த வேங்கை எனக்கே திரும்பி வந்திருக்கு. மரம் பிடிக்கலன்னா வாயால சொல்லப்பிடாதா?"

"அது தப்பா வந்த மரம்வே. ஒம்ம வண்டிக்காரன் ஏத்திட்டு வந்துட்டான்."

வண்டிக்காரர் பக்கத்தில்தான் நின்றார். "நான் என்ன செய்ய மொதலாளி? குறி இருந்துது, ஏத்தினேன். அங்கன கெடந்த எல்லாத்துலயும் இருந்திருந்தா எல்லாத்தையும் ஏத்திருப்பேன்."

"கேட்டீரா? குறி என்னுது, மரமும் என்னுது. இன்னைக்கு ஒமக்காகக் குறி பொய்னு சொன்னா, நாளைக்கு ஊர்ல உள்ளவன் பூரா வந்து நிப்பான்" என்றார் வியாபாரி. சிரிப்பு நின்றிருந்தது.

"அது குறியே இல்ல. எழுத்து."

"என்ன எழுத்து?"

"இங்கிலீசு எழுத்து."

"எம் பேரனுக்கு இருவத்தாறு எழுத்தும் தெரியும். கூப்பிடவா?"

"அது பழைய இங்கிலீசு. இப்ப வழக்கத்துல இல்ல."

"இல்லாத எழுத்தை எதுக்குவே மரத்துல வெட்டுனீரு?"

அப்பா திரும்பி அம்மாளைப் பார்த்தார். அம்மாள் முன்னால் வந்து, "ஐயா, பிழை என்னுடையதாகும். நானே முட்களை வெட்டுவித்தேன்" என்றார்.

வியாபாரி மரியாதையாக எழுந்து நின்றார். என் பக்கம் குனிந்து, "இந்தம்மா கதாகாலட்சேபம் மாதிரில்லா பேசுதாவ. என்ன சொல்லுதாவ?" என்றார்.

"உங்க குறிக்கும் எங்க எழுத்துக்கும் வித்தியாசம் இருக்குன்னு சொல்லுதாங்க பெரியப்பா. ஒங்க கொடி உச்சியில நிக்கும். எங்க முள் நடுவுல நிக்கும்."

"கோடாலி பிடிச்சவன் கை கொஞ்சம் எறங்கிருக்கும், அம்புட்டுத்தான்."

இதைத்தான் எதிர்பார்த்திருந்தேன். அவருடைய இரண்டு வேம்பிலும், அங்கே கிடந்த வேறு சில தடிகளிலும், எங்கள் மூன்றிலும் குறியின் மேல் மெல்லிய தாளைப் பரப்பி, கார்பன் தாளின் மைப்பக்கத்தால் தேய்த்தேன். வெட்டுப்பட்ட இடம் வெள்ளையாகவும் மற்றது நீலமாகவும் வந்தது. வேலையாட்கள் எல்லோரும் அறுப்பை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். அவருடைய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். எல்லாக் கொடியும் உச்சியைத் தொட்டன. எங்களுடையவற்றைப் பிடித்தேன், மூன்றிலும் முள்ளுக்கு மேலே கோடு அதே அளவு நீண்டிருந்தது.

"ஒரு தடியில கை எறங்கலாம் பெரியப்பா. மூணுலயும் ஒண்ணுபோல எறங்குமா?"

அவர் தாள்களைத் தாமே வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் வேங்கையின் வெட்டில் விரலை விட்டுப் பார்த்தார். "உளி" என்றார். "எங்காளு உளி தொடமாட்டான்." விரலில் ஒட்டிய தூளைத் துடைத்துக்கொண்டு, "செரி, மரம் ஒம்மதுதான்" என்றார்.

அம்மாளோ எங்கள் மரத்தை மறந்துவிட்டு அவர் மரத்தின் முன் நின்றிருந்தார். உச்சியில் கொடியுள்ள கோடு ரூன்களிலும் உண்டு. முள்ளைப் போலவே லத்தீன் வரிசைக்குள் போன இன்னொரு எழுத்து. "ஐயா, உமது குறியின் பெயர் மகிழ்ச்சி என்பதாகும்" என்றார்.

"அப்பிடியா? எங்க தாத்தா காலத்துக் குறில்லா இது!" என்று வியாபாரி அப்பாவைப் பார்த்தார். "பாத்தீரா அண்ணாச்சி, எம் மரத்துல சந்தோசம், ஒம்ம மரத்துல முள்ளு."

அவர் தாத்தாவுக்கும் இங்கிலாந்துக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மாள் காரில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தார். சம்பந்தம் இல்லை என்பது என் எண்ணம். கையில் கூரான இரும்பும் எதிரே ரேகையுள்ள மரமும் இருந்தால் நேர்கோடும் சாய்கோடும்தான் வரும். அதில் எத்தனை வகைதான் உண்டு? முள்ளும் கொடியும் எந்த ஊரிலும் முளைக்கும்.

தொழில் வழக்கப்படி, தப்பாக விழுந்த குறியின் மேல் குறுக்காக ஒரு வெட்டுப் போட்டுத்தான் மரத்தைத் திருப்பித் தர வேண்டும். கோடரி எழும்பியதும் அம்மாள் முகம் வாடிப்போனதை வியாபாரி பார்த்துவிட்டார். "நில்லுலே" என்று ஆளை நிறுத்தினார். உத்திரத்தின் அளவைக் கேட்டு, நுனியில் மிச்சம் இருப்பதைக் கண்டு, மூன்று தடியிலும் எழுத்துள்ள நுனியை அறுத்து அம்மாளிடம் கொடுக்கச் சொன்னார். மரத்தூள் பறக்க அறுப்பு நடந்தது. அம்மாள் மூன்று துண்டுகளையும் கைக்குழந்தை போல வாங்கிக்கொண்டார்.

எல்லைச் சாவடியில் காட்டச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வியாபாரி அப்பாவிடம் சொன்னார்: "அண்ணாச்சி, ஒம்ம மகள எங்கடைக்கு அனுப்பும்வே. இங்கன குறியில தெனம் ஒரு தகராறு. இந்தப் பிள்ள எல்லாத்தையும் இப்பிடி ஒத்தியெடுத்து வச்சிட்டா எனக்கு நிம்மதி."

"அது எப்பிடி முடியும்?" என்றார் அப்பா. குரலில் அப்படி ஒரு மிடுக்கு. மத்தியானம் இருந்த மனிதரே அல்ல. "அவளுக்கு அங்கன தொரசானியம்மா பொஸ்தக வேல கெடக்கே. அத முடிச்சிட்டுப் பாளையங்கோட்டைல காலேஜு ஆபீசுக்குப் போறா. ஒமக்கு வேற ஆளப் பாரும்."

"சாரமில்ல, சாரமில்ல. கேட்டுப் பாத்தேன்" என்று அவர் விட்டுவிட்டார்.

நான் தாள்களை மடித்துப் பையில் வைத்தேன். காரில் அம்மாள் மெதுவாக என்னைக் கேட்டார்: "நாளை நீ வருவாயா?"

முன் சீட்டிலிருந்த அப்பா திரும்பாமலே பதில் சொன்னார்: "வருவா. சாரலடிச்சாலும் வருவா."